வண்டல்

கப்பலிலிருந்து வந்த பெர்க்மான்ஸின் பெட்டியில்
மூன்று காலுறைக்குள் சுருண்டு ஒரு பாட்டில்.
கழுத்தை அரக்கு உருக்கி அடைத்திருந்தது
பத்திர ஆபீஸ் முத்திரைபோல.

"பீருதான்," என்றான். "ஆனா ஒயின் பீப்பாயில
பதினாலு மாசம் படுத்துக் கிடந்த பீரு."
நீ பத்து மாசம் எஞ்சின் ரூமில் கிடந்தியே
அந்த மாதிரியா, என்று கேட்டேன்.
இரண்டு நாள் குளித்தும்
அவன் காதுமடலில் டீசல் போகவில்லை.

தங்கச்சிமடத்தில் அன்றைக்குக் கரண்ட் கிடையாது.
ஜெர்வாஸ் வீட்டு மீன்பெட்டியில்
சங்கராக்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஐஸில் வைத்தோம்.
ஒட்டிய செதிலை முந்தானையில் துடைத்தேன்.
அரக்கைக் கத்தியால் சுரண்டி
தாழ்ப்பாள் கொக்கியில் மாட்டித் தட்டினான் மூடியை.
பிள்ளைகள் நவநாள் செபத்துக்குப் போயிருந்தார்கள்.

எவர்சில்வர் டம்ளரில்
கணவாய் கழுவின தண்ணீரின் கறுப்பு.
மேலே ஆற்றிய காப்பியின் நுரை.

முதல் மிடறைத் துப்பப் பார்த்தேன்.
"கெட்டுப் போச்சுய்யா இது."
"புளிக்கத்தான் வச்சிருக்கான்."

புளிப்பை எனக்கா சொல்லித் தருகிறாய்.
ஆப்ப மாவுக்கு அக்காமடத்தில்
ஒளித்து வாங்கி வந்த கள்ளை மோந்து
விடியும்போது மாவு எங்கே நிற்கும் என்று
பானையில் விரல் வைத்துக் காட்டுகிறவள் நான்.

லேபிளைத் தூக்கிப் பிடித்து
எழுத்துக் கூட்டிப் படித்தான்:
ஓக் மரம், வனிலா, செர்ரி, தோல்.
"எதோட தோலு?"
அவனுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது மிடறை நாக்குக்கு அடியில் நிறுத்தினேன்.
கருப்பட்டி காய்ச்சுகையில் அடிப்பிடித்து
கரண்டியால் சுரண்டுவோமே, அது வந்தது.
உப்புப் போட்டுக் கறுத்த போன வருஷத்துப் புளி வந்தது.
அப்புறம் மூக்கின் பின்பக்கமாக ஒரு மரம்.
வத்தைப் பலகையாக இருக்காது,
மீன் படாத மரம்.

எங்கே, எங்கே என்று தேடினால்
கோயில் சக்ரீஸ்து அறை அலமாரி!
பதினாறு வயதில்
சனிக்கிழமைதோறும் நான் துடைத்தது.
ரசம் சாமியாருக்கு.
கிண்ணம் கழுவும்போது வாசனை எங்களுக்கு.
ஒருநாள் கடைசிச் சொட்டை விரலில் தொட்டு
நாக்கில் வைத்ததை
எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

"என்ன யோசிக்கிற?"
"ஒண்ணுமில்ல. இன்னும் ஊத்து."

ஒயினைக் காலி பண்ணினாலும்
பலகை குடித்ததைத் திருப்பித் தராதாம்.
பீரைப் போட்டு வைத்தால்
மெல்ல மெல்லக் கசிய விடுமாம். அவன் சொன்னான்.
அரை டம்ளர் இறங்கின பிறகு
கேட்காமலே இதையும் சொன்னான்:
ஆறாம் மாசம், கூட வேலை பார்த்த பையனுக்கு
இரண்டு விரல் போனது.
ஐஸ்கட்டியோடு அதைப் பொட்டலம் கட்டியது
இவன் கைதானாம்.
போனில் அன்றைக்குச் சாப்பாடு நல்லாயிருக்கு என்றவன்.

என்னுடையதை நான் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

அவன் தூங்கிவிட்டான்.
பாட்டிலின் அடியில் சேறுபோல வண்டல்.
தண்ணீர் விட்டு அலசாமல்
அண்ணாந்து அப்படியே குடித்தேன்.

காலையில் தெற்குப் பாரில் இறங்கியிருந்தோம்.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி
மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் அறுக்கும்போது
ஒரு ஏப்பம்.
கருப்பட்டி, புளி, அலமாரி
மூன்றும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறி வந்தன.
தண்ணீருக்குள் சிரித்தேன்.
கண்ணாடிக்குள் கடல் புகுந்தது.

மேலே வந்து இருமினேன்.
"என்னடி?" என்றாள் நம்புத்தாய்,
சாக்கை இடுப்பில் இழுத்துக் கட்டியபடி.
"உப்புத் தண்ணி" என்றேன்.
அவள் என் பக்கமாக நீந்தி வந்து
மோந்து பார்த்தாள்.